நாற்பத்திரண்டுக்கு அடுத்த பக்கம்

மூன்றாவது அலமாரியையும் கவிழ்த்துக் கொட்டிவிட்டாள். தூசி மூக்கில் ஏறியது, தும்மக்கூட நேரமில்லை. மணி ஒன்றே முக்கால். மூன்று மணிக்குப் பொதுக்கணக்குக் குழுவின் முன் கோப்பு இருந்தாக வேண்டும். கோப்பு இருந்தது. அதற்குள் ஐந்து பக்கங்கள்தான் இல்லை.

நாற்பத்திரண்டுக்கு அடுத்தது நாற்பத்தெட்டு. நடுவில் இருக்க வேண்டியது, குடிநீர்க் குழாய் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாமா என்று பெரிய வக்கீல் கொடுத்த சட்ட ஆலோசனை. அரசு கொடுத்த கட்டணம் நாற்பது லட்சம். அந்த நாற்பது லட்சத்துக்கு வக்கீல் என்னதான் எழுதினார் என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தது.

சட்டப் பிரிவில் அவளுக்கு 'நம்பரக்கா' என்று பெயர். எந்தத் தாள் வந்தாலும் மேல் மூலையில் சிவப்பு மையால் எண் போட்டுத்தான் கோப்பில் கோர்ப்பாள். இருபத்தாறு வருடத்தில் ஒரு தாள் தவறியதில்லை. ஓய்வுக்கு இன்னும் ஏழே மாதம். இப்போது சஸ்பெண்ட் ஆனால் எல்லாம் முடங்கிவிடும். வீட்டுக்காரர் வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய் வருவதே இந்த வேலையின் மருத்துவ அட்டையில்தான்.

துறை இயக்குநர் கதவோரம் வந்து நின்றார். குரலில் அக்கறை வழிந்தது.

"கிடைக்கலேன்னா விடுங்கம்மா. கரையான் அரிச்சிருக்கும். தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுங்க, ஒரு மெமோவோட முடிச்சுடறேன். உங்க பென்ஷனுக்கு நான் பொறுப்பு."

கடிதம் ஏற்கெனவே தட்டச்சாகி அவர் கையில் இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. தட்டச்சர் எட்டிப் பார்த்து, "அதுக்கும் ஒரு நம்பர் போட்டுருங்க நம்பரக்கா" என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் போனதும் கோப்பை வெளிச்சத்தில் பிடித்தாள். கோர்த்த நூல் அறுபடவில்லை. கிழிந்த ஓரம் ஒன்றுமில்லை. நாற்பத்திரண்டிலும் நாற்பத்தெட்டிலும் அரித்த ஓட்டை ஊசிமுனை அளவுகூடக் கிடையாது. நடுவில் மட்டும் புகுந்து தின்ன எந்தக் கரையானுக்குத் தெரியும்?

நகல் கேட்டு வக்கீல் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எடுத்தவர் வக்கீல் குமாஸ்தா. தேதியைக் கேட்டுவிட்டுப் பதிவேட்டைப் புரட்டினார். பிறகு இரண்டே வாக்கியம் சொன்னார். அவள் அலமாரியோரம் சாத்தியிருந்த ஏணியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆயிரம் கோப்புகளுக்கு அடியில் மறந்துகிடந்த ஒரு சாயங்காலம் அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது.

மூன்று மணிக்குக் குழு அறையில் கோப்பை மேசைமேல் வைத்தாள். தலைவி கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, அந்த ஐந்து பக்கங்கள் எங்கே என்று கேட்டார். பிரிவு எழுத்தரின் கவனக்குறைவு என்று வருத்தத்தோடு சொன்ன இயக்குநர், கடிதத்தையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினார்.

கையெழுத்துப் போட்டால் மெமோ. வாயைத் திறந்தால் வேலையே போகும். வீட்டுக்காரரின் ஊசி குத்திய கை ஒரு கணம் கண்ணில் வந்து போனது. பேனாவை எடுத்தாள். மூடியை மாட்டிக் கீழே வைத்தாள்.

"பக்கம் எதுவும் தொலையல மேடம்."

இயக்குநர் இருமினார். தலைவி கை காட்டி அவரை நிறுத்தினார்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, நிதியாண்டோட கடைசி நாள். இன்னைக்கே பில் போகலேன்னா ஒதுக்கின பணம் திரும்பிப் போயிடும், ஆலோசனை நாளைக்கு வந்துடும், அஞ்சு நம்பரை விட்டு வைங்கன்னு இயக்குநர் சார் சொன்னாரு. விட்டேன். 'ஆலோசனை பெறப்பட்டது'ன்னு நானே எழுதி, நானே கையெழுத்தும் போட்டேன்."

"அப்புறம் வந்துச்சா?"

"மத்தியானம் வக்கீல் குமாஸ்தாகிட்ட கேட்டேன் மேடம். பணம் வந்துச்சாம். ஆலோசனையை அவங்க இன்னும் எழுதவே இல்லையாம்."