ஒட்டிவைத்த உடைசல்

"எவன் இதை ஒட்டினது? கேக்கிறேன்ல, எவன்?"

லேபின் கதவு சாத்தித்தான் இருந்தது. இருந்தாலும் எதிர் அறையில் கணினி முன் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் தட்டச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். கத்தியது லென்ஸ் அக்கா. கழுத்தில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி தொங்குவதால் வந்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது.

"நான்தான்க்கா. சார்தான் சாவி குடுத்து நாலையும் ஒழுங்கா எடுத்து வைக்கச் சொன்னாரு," என்றான் மாப்பிள்ளை.

அவன் இன்னும் யாருக்கும் மாப்பிள்ளை ஆகவில்லை. அவர்கள் எல்லாருடைய பிஎச்.டி.யையும் மேய்க்கும் கைடின் மகளுக்குப் பேசி முடித்திருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் பேசி முடித்த வாரமே அவனுக்கு ஏசியின் கீழே மேசை கிடைத்தது; உலோகத்தை இழுத்து உடைக்கும் மெஷினுக்குக் காத்திருக்கும் ஆறு பேரில் அவன் முறை எப்படியோ முதலில் வந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. பெயரை மட்டும் வைத்துவிட்டார்கள்.

மேசையில் நாலு அலுமினியப் பட்டைகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் விரல் நீளம், இரண்டு ஓரமும் அகன்று, நடுவில் இடுப்பு ஒடுங்கியது. நாலும் உடைந்தவை. உடைந்த பாதிகளைச் சேர்த்து அழுத்தி, ஒளி ஊடுருவும் டேப்பால் சுற்றி வைத்திருந்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு கம்பெனி சக்கர நாற்காலிக்கு முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையை வார்த்துக்கொண்டிருந்தது. அந்த வார்ப்பிலிருந்து வெட்டிய பட்டைகளை அக்கா மெஷினில் மாட்டி, இழுத்து விட்டு இழுத்து விட்டு, எத்தனையாவது இழுப்பில் உடைகிறது என்று எண்ணினாள். மொத்தம் இருபத்திரண்டு. பதினெட்டு பட்டைகள் ஐந்து லட்சம் இழுப்பு தாண்டியும் தாக்குப்பிடித்தன. நாலு மட்டும் அவள் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் பட்டென்று போய்விட்டன. அந்த நாலில்தான் அவள் உயிரே இருந்தது. ஏன் போயின? வார்க்கும்போது உள்ளே காற்று மாட்டிக்கொண்டதா? விரிசல் எந்தப் புள்ளியில் பிறந்தது என்பது உடைந்த முகத்தில் மயிரிழை மயிரிழையாக எழுதியிருக்கும். அதனால் அந்த முகங்களை ஒன்றோடொன்று உரச விடக் கூடாது. தனித்தனிப் பஞ்சில் வைத்துப் பூட்டுவாள். பெரிய மைக்ரோஸ்கோப்பில் பார்க்க ஏழு மாதம் காத்திருந்து, அடுத்த திங்கட்கிழமைக்குத்தான் நேரம் கிடைத்திருந்தது.

மாப்பிள்ளையின் வேலை வேறு. அவன் ஒரு பட்டையை ஒரே தடவை மெதுவாக இழுத்து உடைப்பான். பிறகு இரண்டு பாதியையும் சேர்த்து, எவ்வளவு நீண்டது என்று அளப்பான். சேர்ப்பதுதான் அவனுக்குத் தொழில். செக்குமாடு போல அதே பழக்கத்தில் இதையும் சேர்த்துவிட்டான்.

ஒரு டேப்பைப் பிரித்து லென்ஸை வைத்துப் பார்த்தாள். எழுத்து இருந்த இடத்தில் பளபளவென்று தேய்ந்த திட்டுகள். மற்ற மூன்றும் இதே கதிதான்.

"மூணு வருஷம்டா," என்றாள். குரல் இறங்கியிருந்தது, அதுதான் பயமாக இருந்தது. "எங்க மாமியார் தினம் கேக்கிறாங்க, உடைக்கிறதுக்கா மூணு வருஷம், உன் மாமனார் ஒரே நாள்ல மிக்ஸியை உடைச்சார்னு. அவங்களுக்குக்கூட உன்னைவிட இதுல மரியாதை இருக்கு."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். பாவம், கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருக்கவும் கொஞ்சம் யோசனை வேண்டுமே.

சத்தம் கேட்டு கைடு வந்தார். வந்தவர் முகத்தில் வருத்தம் தெரியவில்லை, ஏதோ பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அதை அக்கா கவனித்தாள். அந்த நாலையும் கணக்கில் சேர்க்காதே, சேர்த்தால் வளைகோடு கோணலாகிறது, ஆய்விதழ்காரர்கள் பேப்பரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அவர் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது முகமும் போயிற்று, சாட்சியும் போயிற்று. மெஷினின் கவ்விப் பல் கடித்த இடத்தில் பட்டை உடைந்தால் அது பட்டையின் குற்றம் இல்லை, மாட்டியவர் குற்றம். அந்தச் சோதனை செல்லாது. நாலையும் அப்படி எழுதிவிடு என்று சாதாரணமாகச் சொன்னார்.

"கவ்வியில உடையல சார்."

"நான் ஏற்கெனவே அந்த அம்மாகிட்ட அப்படித்தான் சொல்லியிருக்கேன். கிளம்புறதுக்கு முன்னாடி லேபைப் பாக்கணுமாம்."

அந்த அம்மா கம்பெனியிலிருந்து வந்திருந்த இன்ஜினியர். அடுத்த மாதம் நாலாயிரம் கவைகள் வெளியே போக வேண்டும், அதற்கு கைடின் கையெழுத்து வேண்டும். அக்காவின் கண்ணில் ஒரு சரிவான பாதை வந்து நின்றது. நாற்காலியில் கால் வராத ஒருவர் இறங்குகிறார், முன்சக்கரம் கழன்று விழுகிறது, கையை ஊன்றக்கூட நேரமில்லை. இருபத்திரண்டில் நாலு. நாலாயிரத்துக்கு எத்தனை என்று பள்ளிப் பிள்ளையும் போடும் கணக்கு.

"நான் எழுத மாட்டேன்," என்றாள்.

"அப்ப தீசிஸும் எழுத மாட்ட."

மேற்கொண்டு பேச்சு நடப்பதற்குள் இன்ஜினியர் அம்மா உள்ளே வந்துவிட்டார். கைடு சட்டென்று சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டார். கவ்வியில் உடைந்த நாலைத் தள்ளிவிட்டதாகவும், மிச்சம் பதினெட்டும் தங்கம் என்றும் விளக்க ஆரம்பித்தார். அக்கா வாயைத் திறந்தாள். அழுகையும் ஆத்திரமும் முந்தியடித்ததில் ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. இது அவள் ஆயுசுக்கும் தன்னை மன்னிக்காத அரை நிமிடம்.

அந்த அரை நிமிடத்தில் மாப்பிள்ளை பேசினான். காலையிலிருந்து திட்டு வாங்கியவனுக்கு, தான் ஒன்றாவது சரியாகச் செய்திருக்கிறோம் என்று காட்ட வேண்டியிருந்தது.

"இல்ல மாமா, நான் சேர்த்து அளந்துட்டேன். டேப் மேலயே எழுதியிருக்கேன் பாருங்க. கவ்விப் பல் தடம் ரெண்டு ஓரத்துல இருக்கு, உடைஞ்சது நாலும் நட்டநடு இடுப்புல. ஒரு மில்லிமீட்டர்கூடத் தப்பு இல்ல."

லேபில் அவன் அவரை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எதிர் அறையில் யாரோ இருமினார்கள்.

இன்ஜினியர் அம்மா குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பல் தடத்தைப் பார்த்தார், இடுப்பைப் பார்த்தார், கடைசியாக கைடைப் பார்த்தார். நாலையும் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, வார்ப்பை இன்றைக்கே நிறுத்தச் சொல்வதாக அக்காவிடம் மட்டும் சொன்னார். ஏன் உடைந்தது என்று தெரியுமா என்று கேட்டார்.

"தெரிஞ்சிருக்கும். திங்கக்கிழமை தெரிஞ்சிருக்கும்," என்றாள் அக்கா, மாப்பிள்ளையைப் பார்க்காமல்.

உடைந்தது எங்கே என்பதை அவன் ஒட்டு காட்டிக்கொடுத்தது. ஏன் என்பதை அதே ஒட்டு தின்றுவிட்டது. அந்தக் கேள்விக்கு இனி மறுபடி வார்க்க வேண்டும், மறுபடி வெட்ட வேண்டும், சீக்கிரம் உடைகிற பட்டை கையில் வந்து சிக்கும்வரை உட்கார்ந்து எண்ண வேண்டும். வேறு கைடு பார்த்துக்கொள் என்று கைடு அன்று மாலையே எழுத்தில் கொடுத்துவிட்டார். அவள் அந்தத் தாளை வாங்கி, அவர் எதிரிலேயே தேதி போட்டிருக்கிறாரா என்று சரிபார்த்துக்கொண்டு போனாள்.

கல்யாணம் நின்றுவிடும் என்று லேபில் பாதிப் பேர் பந்தயம் கட்டினார்கள். நிற்கவில்லை. இந்த மாதிரி உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்லத் தெரியாத ஆள் தேடினாலும் கிடைக்க மாட்டான் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாளாம். கைடு மண்டபத்தில் பல்வலிக்காரர் மாதிரி நின்றார். ஆறு மாதத்தில் மகளும் மாப்பிள்ளையும் கடல்தாண்டிப் போய்விட்டார்கள். மாமனாரோடு வாரத்துக்கு ஒரு போன், அதுவும் மகள் மட்டும்தான் பேசுகிறாளாம். லென்ஸ் அக்காவுக்கும் கல்யாணப் பத்திரிகை வந்தது, போகவில்லை. அதற்குள் அவள் வீட்டுக்காரர் மாற்றல் வாங்கியிருந்தார். அவள் இப்போது வேறு ஊரில், வேறு கைடிடம், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி வீட்டில் இருக்கிறாள். மிக்ஸிக் கதை சொல்லும் மாமியாரும் கூடவே போய்விட்டார்.