ஒரு மணி நேரத்துக்குள் இருக்கும் ஜப்பான்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு ஃப்ரிட்ஜ் கதவில் கிடைத்தது. டெஸ்ஸா வீட்டுக்கு ஒரு கரண்டி தயிர் கேட்கப் போயிருந்தேன். ஃப்ரிட்ஜ் கதவில் அவோமோரி மாகாணத்தின் வரைபடத்தைக் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார்கள். எங்கள் ஊரான மிசாவாவைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு கோடு ஓடியது. வட்டம் என்று எழுத ஆசைதான். ஆனால் அது யாரோ ஓரத்தைக் கடித்துவிட்டு வைத்த தோசை மாதிரி இருந்தது. கிழக்கே கடல். மற்ற பக்கங்களில் சாலை நன்றாக இருந்த இடத்தில் கோடு வெளியே நீண்டு, மலை வந்த இடத்தில் உள்ளே ஒடுங்கியிருந்தது.

"இது என்ன, புயல் எச்சரிக்கையா?" என்று கேட்டேன்.

"இது எங்க ஜப்பான்," என்றாள் டெஸ்ஸா. "இதுக்கு அந்தப் பக்கம் நாங்க போனதில்ல."

டெஸ்ஸாவும் அவள் கணவன் கர்டிஸும் ஓக்லஹோமாக்காரர்கள். கர்டிஸ் அமெரிக்க விமானப்படையில் சார்ஜன்ட். மிசாவாவில் இருக்கும் அமெரிக்க விமானத் தளத்தில் ஜன்னல் இல்லாத ஒரு கட்டடத்துக்குள் காலையில் போவான், மாலையில் வருவான். உள்ளே என்ன செய்கிறான் என்பதை யாரிடமும் சொல்லக்கூடாது, மனைவியிடமும் கூடாது. கூப்பிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் அந்தக் கட்டடத்தில் நிற்க வேண்டும் என்பது அவன் பிரிவில் அவனுக்கு இருந்த விதி. ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸ், கல்யாண நாள் எதற்கும் விலக்கில்லை. ஆகவே ஒரு மணி நேரத்தில் காரில் திரும்பி வரக்கூடிய தூரம் வரைக்கும்தான் அவர்களுடைய ஜப்பான்.

(நான் யார் என்று கேட்பீர்கள். பெயர் நீலா. தளத்து நூலகத்தில் வேலை. கணவர் அதே தளத்தில் சிவில் இன்ஜினியர். இங்கே வந்து பன்னிரண்டு வருடமாகிறது. இதைத் தமிழில் எழுதுவதற்கு முக்கியக் காரணம், அவர்கள் இரண்டு பேராலும் படிக்க முடியாது என்கிற தைரியம்.)

2

இதற்கு முன் ஒரு தொடக்கம் எழுதிப் பார்த்தேன். அது இப்படிப் போனது: "கியோத்தோவின் கோயில்களை இந்த ஜென்மத்தில் பார்க்கப்போவதில்லை என்று டெஸ்ஸாவுக்குப் புரிந்தபோது, ஜன்னலுக்கு வெளியே பனி மெல்ல—"

மெல்ல என்ன செய்தது என்று எழுதவில்லை. அந்த வாக்கியம் உங்களிடம் இரக்கம் பிடுங்கப் பார்க்கிறது. தளத்தில் யாரும் அவர்களைப் பார்த்து இரக்கப்பட்டதில்லை. உள்ளதைச் சொன்னால், பொறாமைதான் பட்டோம்.

நாங்கள் எல்லோரும் விமானம் ஏறி ஊர் ஊராகப் போய், அங்கே எல்லோரும் நிற்கும் இடத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வருவோம். இவர்கள் ஞாயிறு விடியுமுன் ஹச்சினோஹே துறைமுகச் சந்தைக்குப் போவார்கள். எந்தக் கடையில் கணவாய் சுட்டதும் கொடுப்பார்கள், எந்தக் கடையில் சுட்டு வைத்துக் கொடுப்பார்கள் என்பது அவர்களுக்கு அத்துபடி. ஆப்பிள் தோட்டக்காரர் ஒருவர் கர்டிஸின் உயரத்துக்கு ஏணி தேவையில்லை என்று கண்டுபிடித்த நாளிலிருந்து அவனுக்குக் கூடை மட்டும் கொடுத்தனுப்பினார். வெந்நீர்க் குளியல் கூடத்தில் அவன் உள்ளே இறங்கினால் தண்ணீர் விளிம்பு தாண்டி வழியும். அதைப் பார்ப்பதற்கென்றே கிழவர்கள் சிலர் சனிக்கிழமை சாயங்காலம் வந்து உட்கார்ந்திருப்பார்கள். கையளவு இடத்தில் இவ்வளவு வாழ்ந்துவிட்டவர்களை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

3

இந்த இடத்தில் எனக்குக் கர்டிஸ் மீது சந்தேகம் வந்தது. மனிதனாக அல்ல, பாத்திரமாக. இவ்வளவு நல்லவனைக் கதையில் வைத்தால் வாசகர் நம்புவாரா? அவனுக்கு ஒரு குறை தேடி, அவர்களுக்கு வீடு வாடகைக்கு விட்டிருந்த தனபு-சானிடம் (சான் என்பது இங்கே மரியாதைக்குச் சேர்ப்பது) போனேன். பூண்டு பயிரிடுகிற பெண்மணி, மனதில் பட்டதைப் பட்டென்று சொல்கிறவர்.

"கர்டிஸ்கிட்ட ஒரு குறை சொல்லுங்களேன். கதைக்கு வேணும்."

"குப்பையை விடியறதுக்கு முன்னாடியே கொண்டாந்து வச்சிடறான். காக்கா கிழிச்சுப் போட்டுடுது."

"இதெல்லாம் ஒரு குறையா?"

"பொறுக்குறது நான்தானே."

சரி, இருப்பதை வைத்துக்கொள்கிறேன். நீங்களும் இதைப் பெரிய குறையாக எண்ணிக்கொண்டு மேலே படியுங்கள்.

4

இனி ஏரி.

ஒய்ராசே என்று ஒரு காட்டாறு. மேற்கே மலைக்குள் இருக்கும் தொவாடா ஏரியிலிருந்து புறப்பட்டு, பாறையும் பாசியும் அருவியுமாக இறங்கி வருகிறது. ஆற்றை ஒட்டியே சாலை. வழியில் நடக்க வருகிறவர்கள் இளைப்பாற ஒரு தங்கல் கடை உண்டு. சிவப்புக் கோடு சரியாக அந்தக் கடை வாசலில் சாலையைக் கடக்கிறது. அதற்கு மேல் நேரமும் போதாது, பள்ளத்தாக்குக்குள் போனும் எடுக்காது. மூன்று வருடமாக அவர்கள் அந்த ஆற்றின் கீழ்ப்பாதியில் நடந்தார்கள். பச்சை விடும்போது, மழையில், இலை சிவக்கும்போது, அருவி உறையும்போது என்று எல்லாக் காலத்திலும் நடந்தார்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் பார்த்ததில்லை.

தனபு-சான் இதை வைத்தே கர்டிஸை ஓட்டுவார்.

"ஏரி பாத்தாச்சா?"

"இன்னும் இல்லைங்க."

"எங்க ஊர்ல மூணாங்கிளாஸ் பிள்ளைங்களே பாத்துடுச்சு."

"அதுங்களுக்கு போன் வராதுங்களே."

மூன்று முறை லீவு கேட்டான். மூன்று முறையும் கொடுத்துவிட்டுக் கடைசி நேரத்தில் ரத்து செய்தார்கள். ஏன் என்று அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. மூன்றாம் முறை ரத்தானதும் அவன் நூலகத்துக்கு வந்தான்.

"நீலா, ஒரு உதவி பண்ணு. டெஸ்ஸை ஏரிக்குக் கூட்டிட்டுப் போ. அவளாவது பாக்கட்டும். நான் சொன்னேன்னு சொல்லாத."

5

அக்டோபரில் ஒரு வேலை நாள். என் கார். டெஸ்ஸா வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள். தங்கல் கடை தெரிந்ததும் பேச்சு நின்றது.

"இங்க நிறுத்து."

"இன்னும் கால் மணி நேரம்தான் டெஸ்ஸா."

"தெரியும். நிறுத்து."

இறங்கி ஆற்றோரப் பெஞ்சில் உட்கார்ந்து சோற்று உருண்டையைப் பிரித்தாள். நானும் விடவில்லை.

"விதி அவனுக்குத்தானே? உனக்கு ஒண்ணும் இல்லையே. உன்னை யாரு தடுக்கறா?"

"அவன்தான் உன்னை அனுப்பினானா?"

"சேச்சே, இல்லையே."

"உனக்குப் பொய் சொல்லவே வரல நீலா." சிரித்தாள். ஒரு வாய் தின்றுவிட்டுத்தான் மறுபடி பேசினாள். "எங்க வீட்டுல ஒருத்தர் மட்டும் பாத்தது ஏற்கெனவே நிறைய இருக்கு. சாயங்காலம் வருவான், சில நாள் மூஞ்சியே சரியா இருக்காது. என்னன்னு நான் கேக்கக் கூடாது. கேட்டா அவன் சொல்லக் கூடாது. அன்னிக்கெல்லாம் சாப்பிடும்போது என்ன பேசுவோம் தெரியுமா? இந்த ஆத்துல எந்தப் பாறையில பாசி கூடியிருக்குன்னு பேசுவோம். அந்தக் கோட்டுக்குள்ள இருக்கிறது பூரா ரெண்டு பேரும் பாத்தது. அவன் பக்கம்தான் சொல்ல முடியாதது அவ்வளவு கெடக்கு. என் பக்கமும் ஒண்ணு வேண்டாம்."

"பாத்துட்டு வந்து அவன்கிட்ட சொல்லலாமே. உனக்குத் தடையில்லையே."

"சொன்னா கேட்டுப்பான். நல்லாக் கேப்பான். அதான் எனக்குத் தாங்காது."

பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு உருண்டையைத் தின்றேன். அந்தப் பெண்ணை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. கல்யாணம் பற்றி நான் படித்த புத்தகங்கள் எதுவும் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. படித்ததும் கொஞ்சமல்ல.

6

நவம்பரில் மாற்றல் உத்தரவு வந்தது. டெக்சஸ். அவசரத்துக்குக் கூப்பிடத் தளத்தில் கொடுத்திருந்த போனைக் கர்டிஸ் வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதோடு அந்த ஒரு மணி நேர விதியும் முடிந்தது; திங்கட்கிழமை விமானம். நடுவில் ஞாயிறு முழுக்க வீட்டைக் காலி செய்ய வேண்டும். மிச்சம் ஒரே ஒரு சனிக்கிழமை. மலையில் பனி கொட்டப்போவதாக வேறு சொன்னார்கள்.

அந்த வாரம் நான் உட்கார்ந்து முடிவுகளாக எழுதித் தள்ளினேன்.

முடிவு ஒன்று: கடைசி வளைவில் போன் அடிக்கிறது. (போனைத்தான் கொடுத்துவிட்டானே. கொடுக்காவிட்டாலும் அங்கே சிக்னல் கிடையாது. அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: போய்ச் சேர்கிறார்கள். ஏரி முழுக்க மூடுபனி, ஒன்றும் தெரியவில்லை. இருவரும் கை கோத்து அந்த வெண்மையையே— (சிற்றிதழ்க்காரர்களுக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை.)

முடிவு மூன்று: நீல ஏரி, நீல வானம், முத்தம். (காலண்டர்.)

முடிவு நான்கு: கர்டிஸ் எப்போதோ வேலை விஷயமாக அந்த ஏரிக்குப் போயிருக்கிறான், அதை மூன்று வருடமாக மறைத்து— (படித்தால் கச்சிதமாக இருக்கிறது. இருந்தாலும் குப்பையை விடியுமுன் வைப்பதுதான் அவனிடம் இருக்கும் ஒரே குறை என்று ஒத்துக்கொண்ட பிறகு இதை அவன் தலையில் கட்ட மனம் வரவில்லை.)

7

சனிக்கிழமை காலை டெஸ்ஸா என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"நீயும் வா. ரெண்டு பேரும் சேந்து நிக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக் குடு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? முடிவு தானாக வந்து கதவைத் தட்டி, காரில் ஏறச் சொல்கிறது. பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். உங்களையும் ஏற்றிக்கொண்டேன்.

பனி பெரிதாக இல்லை. தங்கல் கடை வந்ததும் கர்டிஸின் கை பழக்கதோஷத்தில் இண்டிகேட்டரைப் போட்டது.

"ஏன்டா, இங்க எதுக்குத் திரும்பறே?" என்றாள் டெஸ்ஸா.

"நான் எங்க திரும்பறேன், வண்டிதான் திரும்புது."

இருவரும் சிரித்தார்கள். கோட்டைத் தாண்டினோம். ஒவ்வொரு வளைவிலும் அவன் கை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது. பை காலி. அவள் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, இதுவரை பார்க்காத ஒவ்வொரு பாறையையும் அவனுக்குக் காட்டிக்கொண்டே வந்தாள். பேசாமல், விரலால் மட்டும். அவனும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான்.

ஆற்றின் கடைசிப் பெரிய அருவி வந்தது. அதைத் தாண்டினால் ஏரி. நான் மனதுக்குள் வாக்கியங்களை அடுக்கத் தொடங்கியிருந்தேன். அப்போதுதான் என்ன செய்யப்போகிறேன் என்பது எனக்கே உறைத்தது. அவர்கள் பார்க்கிற அந்த முதல் நொடியை நானும் பார்ப்பேன். பார்த்தால் எழுதுவேன். எழுதினால் நீங்களும் பார்ப்பீர்கள். இரண்டு பேருக்கு மட்டும் என்று மூன்று வருடம் எடுத்துவைத்திருந்தது ஊருக்கெல்லாம் பொதுவாகிவிடும்.

"கர்டிஸ், நிறுத்து. நான் அருவி பாக்கணும்."

"பதினோரு வருஷமா பாக்கற அருவிதானே?" என்றான்.

"இன்னிக்குப் பாக்கணும்போல இருக்கு. நீங்க போங்க."

"அப்ப போட்டோ?"

"கையை நீட்டி நீங்களே எடுத்துக்குங்க. உனக்குத்தான் கை நீளமாச்சே."

டெஸ்ஸா திரும்பி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என் பொய் அவளுக்குத் தெரியாததா? கழுத்திலிருந்த கம்பளித் துணியைக் கழற்றி என் மடியில் போட்டாள்.

"குளிரும், சுத்திக்கோ," என்றாள்.

அவர்கள் டெக்சஸ் போய் இப்போது ஒரு வருடமாகிறது. அடிக்கடி பேசுகிறோம். ஏரி எப்படி இருந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. கேட்காமல் இருப்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

உங்களுக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கும். இவ்வளவு தூரம் பின்சீட்டில் கூடவே வந்தவர், ஆசைப்படுவதில் தப்பில்லை. கதைக்குள் கர்டிஸ் இன்னும் வண்டியை எடுக்கவில்லை. நான் இறங்கிய கதவு திறந்தேதான் இருக்கிறது, குளிர் உள்ளே போகிறது. கூடப் போவதா, இறங்குவதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். நான் இறங்கிவிட்டேன். நீங்களும் இறங்கினால் கதவைக் கொஞ்சம் மெதுவாகச் சாத்துங்கள், முன்சீட்டில் இருக்கும் இரண்டு பேரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.