பழங்களுக்கு அனுமதி இல்லை

சாவியை வாங்கிக்கொண்ட ஆள் நல்லவனாகத்தான் இருந்தான். இருபத்தாறு வருஷம் குடியிருந்த வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறவர்களிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், "வழியில மழை இருக்காதுன்னு ரேடியோவுல சொன்னாங்கம்மா" என்றான். சுல்மா தலையை ஆட்டிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வீட்டுச் சொந்தக்காரர் செத்த பிறகு அவர் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். வீட்டை வாங்கியவர் பின்கட்டில் இருக்கும் பீச் மரத்தை வெட்டிவிட்டு அங்கே கார் ஷெட் போடப்போகிறாராம். அதையும் இந்த ஆள்தான் சொன்னான், சொல்லியிருக்க வேண்டாம் என்று உடனே அவனுக்கே பட்டது.

அவள் கணவர் எட்கர்தோ ஏற்கெனவே பக்கத்து சீட்டில் இருந்தார். முழங்கால்களுக்கு நடுவில் வெந்நீர் பிளாஸ்க், கையில் மாத்தே என்கிற கசப்புத் தேநீர்க் குடுவை. முப்பது வருஷம் இதே மூன்றாம் நம்பர் சாலையில் லாரி ஓட்டியவர். சர்க்கரை வியாதி இடது கண்ணை முழுசாக எடுத்துக்கொண்டுவிட்டது. வலது கண்ணில், நீராவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல ஏதோ தெரியும். அதனால் சுல்மா ஐம்பத்தெட்டு வயதில், கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற ஆளில்லாத ரோட்டில், பக்கத்து வீட்டுக்காரியிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். இதுவரை அவள் ஓட்டியதில் அதிக தூரம் பக்கத்து ஊர் அசூல் வரைக்கும்தான். இன்றைக்கு லாஸ் ஃப்ளோரஸில் கிளம்பி நாலு நாள் போனால், படகில் கடலைத் தாண்டினால், நாட்டின் தெற்குக் கோடித் தீவில் ரியோ கிராந்தே. மகன் தாமியான் மனைவி ரோமினாவோடு அங்கேதான் இருந்தான். பின் சீட்டில் மெத்தை, தையல் மெஷின், பாத்திரங்கள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு அட்டைப் பெட்டி நிறைய பீச் பழங்கள். ஐந்து வயதுப் பேரன் தோபியாஸ் மரத்திலிருந்து பறித்த பழத்தைச் சாப்பிட்டதே இல்லை. முந்தின நாள் சாயங்காலம் ஏணி போட்டு ஏறி, அடிபடாததாகப் பார்த்துப் பறித்து, ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி அடுக்கினாள். எட்கர்தோ பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காகிதம் கிழித்துக் கொடுத்தார்.

முதல் இருநூறு கிலோமீட்டரும் அவர் பேசிக்கொண்டே வந்தார். மடியில் வரைபடம் விரித்திருந்தது, ஆனால் அதை அவர் பார்க்கவில்லை. "இப்ப வலது பக்கம் ஒரு தானியக் கிடங்கு வரும். அதுக்கப்புறம் பாலம். பாலத்துக்கு அந்தாண்ட சவப்பெட்டி செய்யறவன் கடை." கிடங்கு வந்தது, பாலம் வந்தது, கடை இருந்த இடத்தில் புல் முளைத்திருந்தது. சுல்மா அதைச் சொல்லவில்லை. மாத்தே நிரம்பியதை அவர் சத்தத்திலேயே தெரிந்துகொண்டு ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் அவள் பக்கம் நீட்டினார்.

"கெழவி, பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிக்கிறானே, கேக்குதா?"

"கேக்குது."

"உங்கம்மாவ விசாரிக்கிறான். எண்பதுலயே போனா தோபியாஸ் கல்யாணத்துக்குத்தான் போய்ச் சேருவோம்."

"நீ வாய மூடிட்டு வந்தா தொண்ணூறுல போவேன்."

அவர் சிரித்தார். கண் போனதிலிருந்து அவர் இப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை. சமையலறை நாற்காலியில் ரேடியோவுக்கு முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த மனுஷன், ரோட்டுக்கு வந்ததும் பழைய ஆளாகிவிட்டார். இதற்காகவாவது வீடு போனது நல்லதுதான் போலிருக்கிறது என்று ஒரு நிமிஷம் நினைத்தாள்.

த்ரெஸ் அர்ரோயோஸ் பெட்ரோல் பங்கில் அவர் சுவரைத் தடவிக்கொண்டு கழிவறைக்குப் போயிருந்தபோது போன் அடித்தது. தாமியான்.

"அம்மா, எப்படிம்மா இருக்க? பின்னாடி என்ன சத்தம்?"

"லாரிப்பா. ரோட்ல போகுது."

"அப்பா வீட்டுக்காரங்ககிட்ட பேசினாராம்மா? எவ்வளவு நாள் குடுத்திருக்காங்க?"

சுல்மாவுக்குப் புரியவில்லை. "எதுக்கு நாள்?"

"அப்பா உன்கிட்ட சொல்லலியா? ரெண்டு ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடியே சொன்னேனேம்மா. ஃபேக்டரியில ஆளக் கொறைச்சுட்டாங்க. நானும் வெளியதான். வாடகை வீட்ட விட்டுட்டு ரோமினாவோட அம்மா வீட்ல ஒரு ரூம்ல கெடக்கோம். இப்ப வராதீங்கம்மா, குளிர்காலம் போகட்டும்னு சொன்னேன். சரி மகனே, இங்க ஒண்ணும் அவசரம் இல்லன்னாரு." அப்புறம் குரல் இறங்கியது. "உனக்குக் கோபம் இல்லையேம்மா?"

"எனக்கென்ன கோபம். கொழந்தைக்கு ஸ்வெட்டர் போட்டு விடு" என்றாள்.

கழிவறை வாசலில் எட்கர்தோ நின்றுகொண்டிருந்தார், கார் எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஒவ்வொரு இன்ஜின் சத்தத்துக்கும் முகத்தைத் திருப்பியபடி. சுல்மா ஹாரன் அடித்தாள். அவர் கையைத் தூக்கி, சிரித்துக்கொண்டே வந்தார்.

அடுத்த மூன்று மணி நேரம் அவள் பேசவில்லை. என்ன பேசுவது? கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் எங்கேயாவது காரை நிறுத்த வேண்டியிருக்கும். நிறுத்தினால் எந்தப் பக்கம் திருப்புவது? சூரியகாந்தி வயல்கள் காய்ந்து தலை தொங்கி நின்றன. அவர் ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்து, மெல்ல மெல்ல நிறுத்திக்கொண்டார். அவள் மௌனத்தின் கனம் அவருக்குக் கண் இல்லாமலே தெரிந்தது. பாயா பிளாங்காவின் புகைபோக்கிகளைத் தாண்டியதும் மரங்கள் குறைந்து, முள்புதரும் காற்றுமாக ஆனது.

அங்கேதான் சோதனைச் சாவடி. ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு பெண் ஜன்னலில் குனிந்தாள். "பழம், காய், பச்சைக் கறி ஏதாவது இருக்காம்மா?"

"பீச் இருக்கு. எங்க வீட்டு மரத்துப் பழம்."

"இதுக்கு மேல தெக்க பழம் கொண்டுபோக முடியாதும்மா. அந்தப் பக்கம் பழ ஈ கெடையாது, வரவும் கூடாது. அந்தத் தொட்டியில போட்டுருங்க." பெட்டியைப் பார்த்ததும் குரலைத் தணித்தாள். "இல்லன்னா ஓரமா நிறுத்தி முடிஞ்சத சாப்பிட்டுட்டுப் போங்க. நெறைய பேர் அப்படித்தான் செய்வாங்க."

சுல்மா காரை ஓரம் கட்டினாள். எட்கர்தோவை ரோட்டோரம் உட்கார வைத்து, பெட்டியை இறக்கி இருவருக்கும் நடுவில் வைத்தாள். தரையில் ஏற்கெனவே யார் யாரோ தின்று போட்ட கொட்டைகள் கிடந்தன. ஒரு பழத்தின் காகிதத்தைப் பிரித்தாள்.

"முப்பது வருஷமா இதே ரோட்ல போயிருக்க. பழத்த விட மாட்டாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"நேத்து கூடவே உக்காந்து காகிதம் கிழிச்சுக் குடுத்தியே."

"நீ சந்தோஷமா அடுக்கிட்டு இருந்த."

அவள் அந்தப் பழத்தைக் கடிக்கவில்லை. "தாமியான் சொன்னதையும் அதுக்குத்தான் சொல்லலியா?"

எட்கர்தோ, ஒரு லாரி பிரேக் போட்டு நின்று, சோதனை முடிந்து, கியர் மாற்றிப் போகும் வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பழத்தைத் தேடி எடுத்தார்.

"சொல்லியிருந்தா நீ கெளம்பியிருக்க மாட்ட."

"கெளம்பாம எங்க இருந்திருப்பேன்?"

"அதத்தான் நானும் ரெண்டு வாரமா யோசிச்சேன். எங்கயும் எடமில்ல, கெழவி. இருந்தா சொல்லியிருப்பேன்." சாறு வழிந்து மணிக்கட்டுக்கு வந்தது. "வாசல்ல போய் நின்னா பெத்தவங்களத் துரத்திடுவானா?"

"துரத்த மாட்டான்" என்றாள் சுல்மா. "அதுதான் எனக்கு பயமா இருக்கு. அடுப்படியில நமக்கு மெத்தை போட்டுக் குடுப்பான். ரோமினாவோட அம்மா ஒரு வார்த்தை சொல்லுவா. அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டு நிப்பான். நம்ம மகன் அப்படி நிக்கிறத நான் பாக்கணும். உனக்கென்ன, உனக்குத் தெரியாது."

சொன்ன பிறகுதான் அந்தக் கடைசி வார்த்தை எங்கே போய்க் குத்தும் என்று அவளுக்கு உறைத்தது. அவர் கொட்டையைத் துப்பிவிட்டு இன்னொரு பழத்தை எடுத்தார். அப்புறம் இன்னொன்று. சர்க்கரைக்காரர். வீட்டில் என்றால் அரைப் பழத்துக்கே கையைத் தட்டிவிட்டிருப்பாள். இப்போது ஒவ்வொன்றாகக் காகிதத்தைப் பிரித்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். தானும் தின்றாள். இனித்தது, ரொம்ப இனித்தது, வயிறு புரட்டும் வரை தின்றார்கள். மீதி அறுபதோ எழுபதோ இருந்ததை அவளே தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் கவிழ்த்தாள். ஆரஞ்சுச் சட்டைப் பெண் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வண்டி ஓடிய நேரத்தில் ஒரே ஒரு தடவைதான் பேசினார்கள்.

"காலையில அவனுக்குப் போன் போட்டு நாம வழியில இருக்கோம்னு நீயே சொல்லு."

"சொல்றேன்."

சொல்ல மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். தானும் சொல்லப்போவதில்லை என்பதும் தெரிந்தது. மூன்று நாள் இருக்கிறது. மூன்று நாளில் ஒன்றும் மாறிவிடாது.

சூரியன் இறங்கும் நேரத்தில் பெத்ரோ லூரோ தாண்டி, லாரிகள் நிற்கும் ஒரு வெட்டவெளியில் காரை நிறுத்தினாள். சீட்டைச் சாய்க்கப் பார்த்தால், பின்னால் அடைத்திருந்த சாமான்கள் விடவில்லை. இருவரும் கிளம்பாத பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்கள். எதிர் வரிசையில் ஒரு லாரிக்காரன் வாளித் தண்ணீரில் வெள்ளைச் சட்டையை அலசிப் பிழிந்து, பக்கக் கண்ணாடிக் கம்பியில் மாட்டிவிட்டு உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். தெற்கிலிருந்து காற்று எழுந்தது. சட்டை மெல்ல உப்பியது, நெஞ்சு நிறைந்தது, இரண்டு கைகளும் விறைத்து நீண்டன.

"என்ன பாக்குற?" என்றார் எட்கர்தோ.

"ஒண்ணுமில்ல. யாரோ ஒருத்தனோட சட்டை."

அவர் தலையை அசைத்தார். காற்று விட்டபோது சட்டை தொய்ந்து தொங்கியது, மறுபடி அடித்தபோது மறுபடி நிமிர்ந்தது. வெளிச்சம் குறைந்து லாரி மறைந்த பிறகும் அந்த வெள்ளை மட்டும், கைகளை விரித்தபடி, தெரிந்துகொண்டிருந்தது.