வாயாடியின் நாடி

...ஒரே ஒரு வரிதான், எழுந்து அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும், பயிற்சி மாணவிகளை நர்சுகளாகக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவ்வளவுதான், பஸ்ஸில் வரும்போது வாய்க்குள்ளேயே எத்தனை முறை சொல்லிப் பார்த்தாயிற்று, பக்கத்து சீட்டுக்காரர்கூட ஒரு மாதிரிப் பார்த்தார்... இந்த நாற்காலி ஏன் இப்படி மெத்தென்று இருக்கிறது, உட்கார்ந்தவளை உள்ளே இழுக்கிறது, நேற்று ராத்திரி டூட்டி, அடுத்த ஷிப்டுக்கு வரவேண்டியவள் வரவில்லை, அதையும் நானே பார்த்துவிட்டு நேராக இந்த அமைச்சகத்துக்கு வந்திருக்கிறேன், செருப்பைக் கழற்றலாமா, வேண்டாம், வீங்கிய கால் மறுபடி உள்ளே போகாது. கூட்டத் தலைவர் பேசிக்கொண்டிருக்கிறார், தேசியச் செவிலியர் கொள்கை, பணிச்சூழல், திறன் மேம்பாடு, நல்ல குரல் அவருக்கு, தாலாட்டுப் பாடுகிற குரல். வார்டில் ஆள் போதவில்லை என்று நாங்கள் கத்திக் கத்தித் தொண்டை வறண்டது, அதற்கு இவர்கள் கண்டுபிடித்த மருந்து இது, மூன்று மாணவிகள் இருந்தால் ஒரு நர்ஸ் இருப்பதாக வைத்துக்கொள்ளலாமாம். "வேலை செஞ்சுகிட்டே கத்துக்குவாங்க, பயிற்சிக்குப் பயிற்சியும் ஆச்சு, ஆள் பற்றாக்குறையும் தீர்ந்தது" என்கிறார். தீர்ந்துவிடும் சார், எல்லாமே தீர்ந்துவிடும்.

அங்கே வார்டில் இப்போது வாயாடி தனியாக நிற்கிறாள், சேர்ந்து ரெண்டு மாதம்கூட ஆகாத மாணவி, வாய் ஓயாது அவளுக்கு, ஊசி போடும்போதும் பேச்சு, படுக்கை விரிக்கும்போதும் பேச்சு, இவளிடமிருந்து தப்பிக்கத்தான் நோயாளிகள் சீக்கிரம் குணமாகிறார்கள் என்று டாக்டர் கிண்டல் செய்வார், ஐந்தாம் பெட் பெரியவர் மட்டும் அவளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கதை கேட்பார். நான் கிளம்பும்போது ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அஞ்சாம் பெட்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா?" "டாக்டரக் கூப்பிடு." "டாக்டர் ஆபரேஷன்ல இருந்தாருன்னா?" பயப்படாதே என்றேன், வேறு எதுவும் கையில் இல்லாதபோது கொடுக்கிற மாத்திரை அது. அதற்குள் என் விரல் அவள் மணிக்கட்டில் நாடி பார்க்கத் தொடங்கிவிட்டது, யார் கையைப் பிடித்தாலும் இந்த விரல் அங்கேதான் போய் நிற்கும், கல்யாணமான புதிதில் வீட்டுக்காரர்கூட, "ஏம்மா, கையப் பிடிச்சா ஆசையா பிடிக்கக் கூடாதா, உயிர் இருக்கான்னு பாக்குறியே" என்பார். வாயாடியின் நாடி கோழிக்குஞ்சைக் கையில் பிடித்தாற்போல் படபடவென்று அடித்தது. அப்படியே விட்டுவிட்டு வந்தேனே, வராமல் எப்படி இருக்க, நர்சுகள் சங்கத்தில் எல்லோரும் நீ போ, நீதான் முகத்துக்கு நேராகப் பேசுவாய் என்று சொல்லித்தானே அனுப்பினார்கள்... கொள்கையில் அந்த மாணவிகள் பிரிவு இன்னும் வரவில்லை, வந்ததும் எழுந்துவிட வேண்டும், மாணவிகளை... மாணவிகளைக் கணக்கில்...

பீப், பீப், ஐந்தாம் பெட்டில் மருந்து ஏறுகிற மெஷின்தான், வரேன் வரேன், வந்துட்டேன் பெரியவரே, கையைக் கொடுங்க, ஏன் இப்படி வெளிச்சமாக இருக்கிறது, கை ஏன் இவ்வளவு கொழுகொழுவென்று இருக்கிறது, பெரியவருக்கு ஏது தங்கக் கடிகாரம்... கூட்ட அறை முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. தலைவரின் மணிக்கட்டைப் பிடித்தபடி நான் நின்றுகொண்டிருந்தேன். யாருடைய போனோ கத்தி ஓய்ந்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை, சிரித்தார். "எப்படிம்மா இருக்கு?" நான் திருதிருவென்று முழித்தேன், பிறகு வாய் தானாகச் சொன்னது, "நல்லா இருக்கு சார்." மேஜை முழுக்கச் சிரிப்பு. "தூக்கத்துலகூட கடமை, இதுதாங்க அர்ப்பணிப்பு" என்றார், எல்லோரும் கை தட்டினார்கள், வெட்கக்கேடு, நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன், ஏன் சிரித்தேன்? நான் உட்கார்ந்தபோது அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலிருந்த அம்மாளிடம் அந்த மாணவிகள் பிரிவு என்று கிசுகிசுத்தேன். "அது அப்பவே முடிஞ்சுதே, ஆட்சேபம் உண்டான்னு கேட்டாரு, யாரும் பேசல, நீங்க அசந்து தூங்கிட்டிருந்தீங்க, எழுப்ப மனசு வரல" என்றாள் பரிவோடு. நான் மறுபடி எழுந்தேன், சார் என்றேன், "நீங்க உக்காந்து ரெஸ்ட் எடுங்கம்மா" என்றார் அவர், அவ்வளவு அன்பாகச் சொன்னதும் உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் சீட் இருந்தும் உட்காரவில்லை, இனி எந்த முகத்தோடு உட்கார, சங்கத்தில் என்ன சொல்வது, உங்கள் சார்பில் தலைவரின் நாடி பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்றா... உண்மையாகவே நன்றாகத்தான் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல், முன்பின் தெரியாத ஒருத்தி தூக்கத்தில் வந்து கையைப் பிடிக்கிறாள், ஒரு துடிப்புகூடக் கூடவில்லை, சலனமே இல்லாமல் ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது, ஒன்றுமே தன்னை வந்து தொடாது என்று தெரிந்தவர்களுக்கு அப்படித்தான் அடிக்குமோ.

வார்டுக்குள் நுழைந்ததும் கண் நேராக ஐந்தாம் பெட்டுக்குப் போனது, வெறும் மெத்தை, மெஷினை ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார்கள், வாயாடி தலையணைக்குப் புது உறை மாட்டிக்கொண்டிருந்தாள். "பெரியவர் போயிட்டாருக்கா" என்றாள். "டாக்டர் வர லேட்டாச்சு. வீட்டுக்குச் சொல்லியாச்சு." அவ்வளவுதான். மிச்சம் வரும் என்று நின்றேன், எப்படி மூச்சு வாங்கியது, இவள் எங்கெங்கே ஓடினாள், யார் யாரைக் கூப்பிட்டாள், அக்கா நீங்கள் ஏன் இல்லை... எதுவும் வரவில்லை, கூட்டத்தில் என்ன ஆயிற்று என்றுகூடக் கேட்கவில்லை, உறையின் நுனியை இழுத்துச் சரிசெய்தாள். திட்டிவிடு பெண்ணே, அழு, ஏதாவது பேசித் தொலை. நான் அவள் கையைப் பிடித்தேன், ஆறுதலுக்குத்தான் பிடித்தேன், விரல் வழக்கம்போலத் தன் இடத்துக்குப் போய்விட்டது. மத்தியானம் அப்படிப் பதறிய நாடி. இப்போது ஒரு சலனமும் இல்லை, ஒரே சீராக அடித்தது... இதே நாடியைச் சற்று முன்புதானே, தங்கக் கடிகாரத்துக்குக் கீழே, பிடித்துக்கொண்டிருந்தேன்? தேறிவிட்டாள் என்று இதைத்தான் சொல்வார்களா? "என்னக்கா, எப்படி இருக்கு?" என்றாள் அவள், என் முகத்தைப் பார்க்காமலே.