பொம்மை வீட்டிலிருந்து ஓர் அழைப்பு

"பிள்ளையள் ரெண்டு பேருக்கும் மேஸ் கிடக்கா?" என்று விளையாட்டு இடத்தின் வாசல் மேசையில் வேலைக்கு இருந்த ஸுஹைனா கேட்டாள். கேதீஸ்வரி பையைத் திறந்து இரண்டு சோடிக் குட்டிக் காலுறைகளை எடுத்துக் காட்டினாள். பெரியகல்லாற்றிலிருந்து புறப்படும்போதே மறக்காமல் வைத்திருந்தாள். ஸுஹைனா கேதீஸ்வரியின் புருஷன் உதயரூபனின் வெறுங்காலைப் பார்த்தாள்.

"அண்ணன், நீங்களும் உள்ள போறதெண்டா மேஸ் போடணும். போனையும் இந்தத் தட்டில வெச்சிட்டுத்தான் போகணும்."

"போனையுமா? வேணாம் தங்கச்சி, நான் இஞ்சயே இருக்கன்."

அவன் சொன்ன வேகத்தைக் கேட்டால், கையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னார்களோ என்று நினைக்கத் தோன்றும்.

"இஞ்சேருங்க, நீங்களும் வாங்களன்," என்றாள் கேதீஸ்வரி.

"நீ போ, நான் மறுகா வாறன்."

அவள் தன் போனைத் தட்டில் வைத்துவிட்டுப் பிள்ளைகளுடன் உள்ளே போனாள். அவன் சுவரோரம் கிடந்த வாங்குப் பலகையில் குந்திக்கொண்டான்.

மட்டக்களப்பு நகரில், வாவியைப் பார்த்த ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது அந்த விளையாட்டு இடம். வெயிலும் தூசியும் வெளியே நின்றுவிட்டன. நீலமும் மஞ்சளுமாகப் பந்துகள் முழங்கால் அளவுக்கு நிரம்பிக் கிடந்தன. வாவித் தண்ணீரில் பட்ட வெளிச்சம் கண்ணாடி வழியே வந்து கூரையில் மெல்ல அசைந்துகொண்டே இருந்தது. அதன் கீழே பிள்ளைகள் பந்துகளுக்குள் மறைவதும் மிதந்து வருவதுமாக இருந்தார்கள். அவர்கள் போட்ட கூச்சல்கூட எங்கோ அக்கரையிலிருந்து வருவதுபோல்தான் கேட்டது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் யாருக்கும் கண் சொருகும்.

உதயரூபனுக்குச் சும்மா இருக்க எங்கே நேரம்? கட்டார் நாட்டில் வேலை. மூன்று வருடத்துக்குப் பிறகு லீவில் வந்திருந்தான், இன்னும் பதினொரு நாள்தான் மிச்சம். மகன் நிதுர்ஷனுக்கு இரண்டரை வயது, தகப்பன் போன பிறகு பிறந்தவன். யாரைக் கண்டாலும் தாவுகிற பிள்ளை, வந்த அன்றே தகப்பனின் தோளில் ஏறிவிட்டான். ஐந்து வயது விதுர்ஷாதான் ஒட்டவில்லை. தகப்பன் கட்டாரில் இருந்தபோது பின்னேரம் தவறாமல் போனில் வாய் ஓயாமல் கதைத்தவள், போன் கண்ணாடியில் எச்சில்பட முத்தம் கொடுத்தவள், விமான நிலையத்தில் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தாயிடம் கேட்டாள்:

"போன்ல இருக்கிற அப்பா எங்கம்மா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அடுத்த நாளிலிருந்து அவளைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தான். பொம்மை வாங்கிக் கொடுத்தான், பாசிக்குடாவுக்குக் குளிக்கக் கூட்டிப்போனான். அவள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு தாயின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். ஒரேயொரு தரம் என் மடியில் ஏறிவிட்டாளானால் போதும், நிம்மதியாக விமானம் ஏறிவிடுவேன் என்று அவன் மனம் கிடந்து தவித்தது. அதற்காகத்தான் இன்றைக்கு இந்தப் பயணமும்.

ஆனால் நியாயத்தையும் சொல்லத்தானே வேண்டும்? மனுசனின் உடம்பு மட்டும்தான் ஊருக்கு வந்திருந்தது. கூட்டாளிகளின் வாட்ஸ்அப் குழு, சூப்பர்வைசரின் மெசேஜ் என்று சோறு தின்னும்போதும் போன், கோயிலிலும் போன், பாசிக்குடாவில் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியும் போன். யார் அடித்தாலும் இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுவான். முதல் வாரத்தில் விதுர்ஷா இரண்டு மூன்று தரம் கிட்ட வந்து மெல்ல "அப்பா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். "பொறு மகள், ஒரு நிமிசம்" என்றான். அந்த ஒரு நிமிசம் முடியவே இல்லை. பிறகு பிள்ளையும் கூப்பிடுவதை விட்டுவிட்டது.

இப்போதும் சூப்பர்வைசருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கேதீஸ்வரியின் பெயர், வீடியோ அழைப்பு. எடுத்தான். பாதி நெற்றியும் இரண்டு கண்களும் பின்னால் ஒரு மஞ்சள் சுவரும் தெரிந்தன.

"ஹலோ அப்பா! என்ன செய்றீங்க?"

மூன்று வருடமாகப் பின்னேரத்தில் கேட்ட அதே குரல். ஆனால் இன்று போனில் வருவதற்குக் கொஞ்சம் முந்தி, எங்கோ கிட்டத்திலிருந்தும் அது கேட்டது. அவனுக்குத் தான் கட்டாரில் இருக்கிறோமா, இங்கே இருக்கிறோமா என்றே ஒரு கணம் விளங்கவில்லை.

"சும்மா... இருக்கன் மகள்."

"சாப்பிட்டிட்டீங்களா?"

"ஓம் மகள். நீங்க எங்க?"

"விளையாட வந்திருக்கம். இஞ்ச ஒரு சின்ன வீடு கிடக்கு. காட்டுறன், பாருங்க."

போன் சுழன்றது. குட்டிக் கதவு, சறுக்கு, மிதக்கும் பந்துகள், பிறகு ஒரு சின்ன யன்னல். யன்னலுக்கு அப்பால் வாங்கில் ஒரு மனிதன் முதுகு வளைந்து, தலை கவிழ்ந்து, கையில் போனோடு இருந்தான். கூரையிலிருந்து இறங்கிய வெளிச்சம் அவன் தோளில் அசைந்துகொண்டிருந்தது. அவன் எதையும் பார்க்கவில்லை. அது தான்தான் என்று தெரிந்துகொள்ள உதயரூபனுக்குச் சற்று நேரம் எடுத்தது.

"அந்தா இருக்கிறார், பாத்தீங்களா?" விதுர்ஷா குரலைத் தாழ்த்தினாள். "அவர்தான் வீட்டுக்கு வந்த அப்பா. அவர் என்னோட கதைக்கமாட்டார், அவருக்கு வேலை. அதான் உங்களுக்கு எடுத்தன். அப்பா, நீங்க எப்ப வருவீங்க?"

ஐயோ, அந்தக் கேள்வி! அவன் வாங்கிலிருந்து எழுந்தான்.

"இப்பவே வாறன் மகள். போனை வெச்சிட்டு வாறன்."

ஸுஹைனாவிடம் ஒரு சோடி மேஸ் வாங்கி அவசரமாக மாட்டினான். அவள் பயந்துபோய், "கோவிச்சிராதீங்க அண்ணன், புள்ள அப்பாக்கு எடுக்கணும் எண்டு கேட்டா, நான்தான் தட்டிலிருந்து போனை எடுத்துக் குடுத்தன்," என்றாள். அவன் போனைத் தட்டில் வைத்தான்.

மேசைக்குச் சற்றுத் தள்ளி நின்றது அந்தப் பிளாஸ்டிக் வீடு. முழங்காலில் தவழ்ந்து, தோள் இடிபட, உடம்பைக் குறுக்கிக் கதவுக்குள் நுழைந்தான்.

"வந்திட்டன் மகள்."

விதுர்ஷா இருண்டுபோன திரையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு அவன் கைகள் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"போன் எங்க?"

"தட்டில."

பிள்ளை கொஞ்சம் யோசித்தது. ஒன்றும் இல்லாத பிளாஸ்டிக் கோப்பை ஒன்றை அவன் கையில் திணித்தது. "தேத்தண்ணி. குடிங்க," என்று சொல்லிவிட்டு, தாயின் போனைக் கீழே போட்டுவிட்டு, நெடுநாள் பழகிய இடம்போல அவன் மடியில் ஏறிக் குந்திக்கொண்டது. அவன் அழுதான். மறைக்கவும் இல்லை.

மகனோடு அங்கே வந்த கேதீஸ்வரி யன்னலால் எட்டிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். மேசையிலிருந்து ஸுஹைனா கூப்பிட்டாள்.

"அண்ணன், உங்கட போன் விடாம அடிக்குது!"

"அடிக்கட்டும் தங்கச்சி," என்றான் உதயரூபன் உள்ளிருந்தபடி. "கட்டாரில இருக்கக்குள்ள என்ட புள்ளைக்கு நான் போனுக்குள்ள இருந்தன். அது வேற வழியில்லாம. வீட்டுக்கு வந்தும் போனுக்குள்ளயே இருந்தன் பாருங்க, அதுதான் நான் செய்த பெரிய குற்றம். பக்கத்தில இருக்கிற தகப்பனக் கூப்பிட ஒரு புள்ள போன் எடுக்கிற நிலம எந்த வீட்டிலயும் வரக்கூடாது."

விதுர்ஷா சின்னக் கையால் அவன் வாயைப் பொத்தினாள்.

"கதைச்சது போதும் அப்பா. தேத்தண்ணி ஆறப்போகுது."