கல்லறை டம்ளர்கள்

"யாரைடி என் வீட்டுக்கு அனுப்பிவெச்ச?" என்று கேட்டுக்கொண்டேதான் திபுர்சியா அத்தை எங்கள் பட்டறைக்குள் நுழைந்தாள். செத்தவர்கள் விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து வீடு தேடி வரும் இறந்தோர் நாள் முடிந்த மறுநாள் காலை. நான் அண்டாவை அடுப்பில் ஏற்றிவிட்டுத் தண்ணீர் சூடாவதற்காகக் காத்திருந்தேன். "எம் புருஷன் இருந்தவரைக்கும் மெஸ்கால் சாராயத்தை மோந்துகூடப் பாத்ததில்ல. படையல்ல மரியாதைக்கு ஒரு கோப்பை வெச்சேன். காலைல பாத்தா பாதியக் காணோம். அப்ப வந்து குடிச்சிட்டுப் போனது எவன்?"

"உங்க மருமகன் ஊர்லதான இருக்காரு அத்தை?" என்றார் என் கணவர் கிரிசோபோரோ, திரி வெட்டிக்கொண்டே. வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"எம் மருமகனை இழுக்காத. உம் பொண்டாட்டி பழைய டம்ளரைக் கழுவி அதுலயே மெழுகு ஊத்தி வித்தா பாரு, அதுல வந்த வினை. எவனுக்கோ வழி காட்டுன டம்ளர். அவன் பழகின வெளிச்சத்தைப் பாத்து நேரா என் வீட்டுக்கு வந்துட்டான்."

சிரிப்பு வந்தது. பயமும் கூடவே வந்தது. எங்கள் ஊர் கல்லறைத் தோட்டத்தில் நவம்பர் வந்தால் தரை தெரியாது, சாமந்தியும் விளக்கும்தான். அத்தனையும் உயரமான கண்ணாடி டம்ளரில் ஊற்றிய மெழுகுவத்திகள். எங்கள் பட்டறைதான் ஊற்றிக் கொடுக்கிறது, அதுதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. எரிந்து முடிந்த டம்ளர்களைப் பின்னால் இருக்கும் ஓடையில் வீசுவது எல்லோருக்கும் பழக்கம், எங்களையும் சேர்த்துத்தான். மழைக்காலத்தில் ஓடை அவற்றை உடைத்து, அரைத்து, கீழே சோளக்கொல்லையில் கொண்டுவந்து பரப்பும். ஊர்த் தலைவர் பிலெமோனின் கோவேறு கழுதை அதில் கால் அறுபட்டுச் செத்த பிறகுதான் அவருக்கு ஞானம் பிறந்தது. நகரத்திலிருந்து பழைய கண்ணாடி வாங்குகிறவனை வரவழைத்தார். அவன் ஒரு டம்ளரை எடுத்துப் பார்த்தான். உள்ளே மெழுகு, மேலே கரி, வெளியே ஒட்டிப்போன புனிதர் படம். "இத ஏத்திட்டுப் போனா ஆலைக்காரன் என்னை வாசல்லயே நிறுத்திடுவான்" என்று சொல்லிவிட்டு காலி லாரியை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அன்றே பிலெமோன் முடிவு கட்டிவிட்டார். கல்லறையில் இனிமேல் கண்ணாடியே கூடாது, பிளாஸ்டிக்கில் பாட்டரி விளக்குதான்.

அவர் காலில் விழாத குறையாக ஒரு வருஷம் கேட்டு வாங்கினேன். கல்லறையிலிருந்து எல்லா டம்ளரையும் நானே பொறுக்கி, கழுவி, மறுபடி ஊற்றிக் கொடுக்கிறேன் என்றேன். சொன்னபடியே செய்தேன். சுடுதண்ணீரில் போட்டால் மெழுகு கழன்று மேலே மிதக்கும், அதை வழித்துத் திரும்பவும் பயன்படுத்தலாம். படத்தைச் சாம்பல் தண்ணீரில் ஊறவைத்து உரிக்க வேண்டும். கரியைச் சாம்பலும் எலுமிச்சையும் போட்டுத் தேய்க்க வேண்டும். கழுவிய டம்ளரை இளஞ்சூடாக வைத்துக்கொண்டுதான் மெழுகை ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் படீரென்று விரிசல் விட்டுவிடும். எல்லாவற்றையும் யோசித்தேன். செத்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்று மட்டும் யோசிக்கவில்லை.

திபுர்சியா அத்தை கொளுத்திப் போட்டது மதியத்துக்குள் ஊர் முழுக்கப் பற்றிக்கொண்டது. ஒரு வீட்டில் படையலில் இருந்த சோளக் கொழுக்கட்டையை யாரோ கடித்து வைத்திருந்தார்களாம். இன்னொரு வீட்டில், சிகரெட்டே பிடிக்காத பெரியம்மாவுக்கு வைத்த இடத்தில் சாம்பல் கிடந்ததாம். சுருட்டு பிடிக்கிற பேரன்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள், ஆனால் அந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. சாயங்காலம் பிலெமோன் வந்து வாசலிலேயே நின்றார். "லெயோகாடியா, நான் என்னம்மா பண்ணட்டும்? செத்தவங்க விஷயத்துல ஊர் யார் பேச்சையும் கேக்காது. ஞாயித்துக்கிழமை ஊர்க்கூட்டம். பாட்டரி விளக்குக்குச் சொல்லிவெச்சிட்டேன்." அவர் போன பிறகு நான் அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதேன். கேட்டால் புகை என்று சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

அப்போது என் பக்கத்தில் இருந்தவள் நிக்கனோரா மட்டும்தான். ஊரார் டம்ளர்களையெல்லாம் என்னோடு கழுவியவள் அவள். அவளுக்கென்று கல்லறையில் ஒரு டம்ளரும் கிடையாது. அவள் புருஷன் எவோதியோ வடக்கே எல்லை தாண்டி வேலைக்குப் போனான். போன புதிதில் வாரா வாரம் பேசினான். அம்மாவைப் பார்க்க ஒரு தரம் வந்துவிட்டுத் திரும்பப் போனவன், பாலைவனத்தைக் கடந்தானா இல்லையா என்றே தெரியவில்லை. போன வருஷம் அவன் அம்மா மனதைக் கல்லாக்கிக்கொண்டு மகன் பேரில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள். நிக்கனோரா போய் அதை ஊதி அணைத்துவிட்டாள். அன்றிலிருந்து மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு இல்லை. ஊரே படையல் போடும் நாட்களில் அவள் எங்கள் பட்டறைக்கு வந்து எதையாவது தேய்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த வாரம் ஒரு டம்ளர்கூட வரவில்லை. நான் கல்லறைக்குக் கூடையோடு போனால், எங்கள் சமாதியில் கை வைக்காதே என்றார்கள். ஓடைப் பக்கமிருந்து கண்ணாடி விழுந்து நொறுங்கும் சத்தம் கேட்டது. சனிக்கிழமை காலையில் அண்டாவை எடுத்து உள்ளே போட்டுவிடுங்கள் என்று கிரிசோபோரோவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, திபுர்சியா அத்தை சால்வைக்குள் எதையோ பொத்திக்கொண்டு வந்தாள்.

"பிலெமோன் வீட்ல அந்த பாட்டரி விளக்கைப் பாத்தேன். அமுக்குனா எரியுது, அமுக்குனா அணையுது. சூடும் இல்ல, வாசனையும் இல்ல. எம் புருஷனுக்கு உயிரோட இருக்கும்போதே கண்ணு சரியாத் தெரியாது. இத வெச்சா வழி கண்டுபிடிப்பாரு?" சால்வையை விலக்கினாள். கரி படிந்த டம்ளர். "இது முன்னால எவனோடதா வேணா இருந்துட்டுப் போகட்டும். இப்ப எம் புருஷனுக்கு எரிஞ்சாச்சு, இனிமே அவரோடது. என் கண்ணு முன்னாடி கழுவு, என் கண்ணு முன்னாடி ஊத்து. மாத்திக்கீத்தி வெச்சே, தொலைச்சுப்புடுவேன்."

"அப்ப மெஸ்கால் குடிச்சவன்?" என்றார் கிரிசோபோரோ. இந்த மனிதருக்கு நாக்கில் சனி.

"வந்தவன் வந்துட்டான். ஒரு கோப்பைதான, போகட்டும்."

முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அண்டா பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மெழுகு கழன்றதும், நான் தேய்த்ததும், நிக்கனோரா துடைத்ததும் ஒவ்வொன்றாக அவள் பார்வைக்குப் போய்த்தான் திரும்பியது. டம்ளர் காய்ந்ததும் ரவிக்கைக்குள்ளிருந்து மருமகளின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, அடியில் ஒரு பொட்டு வைத்தாள். வாசலில் போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டார்கள். "எங்க வீட்டுது எங்க வீட்டுக்கே வருது. உங்களது ஓடைல கெடக்கா?" என்று அத்தை உரக்கச் சொன்னாள். நான் கூடையோடு அலைந்தும் நடக்காததை அந்த ஒரு கேள்வி நடத்தியது.

மதியத்துக்கு மேல் வாசலில் இடமில்லை. மடியில், கூடையில், தொப்பிக்குள் எல்லாம் டம்ளர் கொண்டுவந்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் டம்ளர்மேல் வைத்த கண் வாங்கவில்லை. அடையாளத்துக்கு வீட்டுக்கொரு நிறத்தில் அடியில் பொட்டு வைத்துக்கொண்டார்கள். இரண்டு அண்ணன் தம்பி குடும்பங்கள் மஞ்சள் எங்களுக்குத்தான் என்று மல்லுக்கு நின்றன. அத்தை இருவரையும் அதட்டி, ஒருவனை ஊதாவுக்குத் தள்ளினாள். பொழுது சாயும்போது பிலெமோன் வந்தார். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். "நாளைக்குக் கூட்டத்துல என்ன பேசறதுன்னு நான் பாத்துக்கறேன். மொதல்ல இது" என்று பின்னாலிருந்து தன் அம்மாவின் டம்ளரை எடுத்து நீட்டினார். பச்சைப் பொட்டு வைக்கச் சொன்னார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

கூட்டம் கலைந்தது. பலகை நெடுக டம்ளர்கள் ஆறிக்கொண்டிருந்தன. நிக்கனோரா கையைத் துடைத்துக்கொண்டு தன் பையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தாள். கரியில்லாத, வீட்டில் எவோதியோ தண்ணீர் குடிக்கிற டம்ளர்.

"இதுலயும் ஊத்துங்கக்கா."

கிரிசோபோரோ ஒரு திரியைக் கையில் எடுத்தார்.

"திரி வேணாம்" என்றாள். "எல்லாரோடதும் இந்தப் பலகைல இருக்கு. அவருக்கும் ஒரு எடம் இருக்கட்டும்."

டம்ளரை அவளே அடுப்போரம் வைத்துச் சூடு காட்டினாள். நான் மெழுகுக் கெண்டியைத் தூக்கியபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இது கெட்டியானப்பறம் எடுக்கணும்னா சுடுதண்ணி போதும்ல?"

"போதும்டி."

"ஒட்டிக்காதே?"

"இத்தனை கழுவினியே, ஒண்ணாவது ஒட்டிச்சா?"

"இல்ல" என்று கையை எடுத்தாள்.

ஊற்றினேன். கிரிசோபோரோ கையிலிருந்த திரியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். மெழுகு ஓரங்களிலிருந்து வெளுத்துக்கொண்டே உள்ளே வந்தது. நடுவில் மட்டும் இன்னும் தண்ணீர்போல் தெளிவாக இருந்தது. நிக்கனோரா அதையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.