புகை நிற்கிறது, சார் பேசுகிறார்

என் அக்கா முனைவர் பட்டத்துக்குப் புகையை எடுத்துக்கொண்டவள். மலையைக் குடைந்து போடப்போகும் ஒரு சாலைச் சுரங்கத்துக்குள் லாரி ஒன்று தீப்பிடித்தால் புகை எந்தப் பக்கம் போகும், ஆட்கள் தப்பிக்க வைக்கப்போகும் பக்கவாட்டுக் கதவை அது எட்டுமா எட்டாதா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. நிஜ லாரியைக் கொளுத்த யாரும் அனுமதி தரமாட்டார்கள் என்பதால் கணினிக்குள் கொளுத்துவாள். இத்தனை வருஷத்தில் அவள் கொளுத்திய லாரிகளை நினைத்தால் ஒரு போக்குவரத்து நிறுவனமே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டிருக்கும்.

இந்தக் கொளுத்தலுக்கு எங்கள் ஆய்வகத்துக் கணினி காணாது. வேறு ஊரில், ஆட்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நுழையும் ஒரு கூடத்தில், அலமாரி அலமாரியாகக் கணினிகளை அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே வேலையில் பூட்டியிருக்கிறார்கள். கிளஸ்டர் என்று பெயர். அதில் நினைத்த மாத்திரத்தில் எதையும் ஓட்டிவிட முடியாது. வேலையை வரிசையில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். வரிசை நகர்வதற்குள் சிலருக்குக் கல்யாணமாகிவிடும், சிலருக்கு ஆராய்ச்சித் தலைப்பே மாறிவிடும். முறை வந்தால் இத்தனை மணி நேரம் என்று ஒரு கெடு கொடுப்பார்கள். கெடு முடிந்தால் முடிந்ததுதான். லாரி பாதி எரிந்திருந்தாலும் கிளஸ்டர் ஈவிரக்கமில்லாமல் அணைத்துவிட்டு அடுத்தவருக்கு இடம் கொடுத்துவிடும்.

நான் சொல்லப்போகிற அன்றைக்குத்தான் அக்காவின் கடைசி முறை. மதியச் சாப்பாட்டு வேளையோடு கெடு முடிகிறது. அவளுடைய ஆராய்ச்சிப் பதிவும் அந்த மாதத்தோடு முடிகிறது. அன்றைய ஓட்டம் கடைசிவரை போய்ச் சேர்ந்தால் கடைசி அத்தியாயம் உண்டு, பட்டம் உண்டு. இல்லையென்றால் அவள் ஆயுசுக்கும் கிட்டத்தட்ட டாக்டர்தான்.

நான் அதே கல்லூரியில் கடைசி வருஷம். என் புராஜெக்டுக்கு எந்த ஆய்வகமும் என்னைச் சேர்த்துக்கொள்ளாததால், அம்மா வீட்டில் உத்தரவு போட்டு, அக்கா தலையில் என்னைக் கட்டினாள். காற்று எப்படி ஓடும் என்பதை நான் அங்கே கற்றுக்கொண்டேன். குறிப்பாக ஏசிக்கு எதிரில் எந்த நாற்காலி என்று.

எங்கள் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் ஒலிபெருக்கி. கெட்ட மனிதர் இல்லை. வாயைத் திறந்தால் மூடுவதற்கு அவருக்கே வழி தெரியாது, அவ்வளவுதான். சுரங்கம் கட்டும் துறையிலிருந்து ஒரு குழு அன்று காலை வருவதாக இருந்தது. கதவு இருக்கும் இடம் சரிதான் என்று ஒலிபெருக்கி சொல்லிவிட்டால் வரைபடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அவர்களுக்குப் பழைய ஓட்டத்தின் வீடியோவைக் காட்டலாம் என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். அவருக்கு மனசு புண்பட்டுவிட்டது. நேரலை என்று கடிதத்தில் போட்டாயிற்று, புகை அங்கே கிளம்பும்போதே இங்கே திரையில் தெரிய வேண்டும் என்றார்.

அக்கா அதையும் செய்தாள். கிளஸ்டரில் ஓடுகிற கணக்கு, ஒவ்வொரு அடி எடுத்து வைத்ததும் ஒரு படம் வரைந்து, சாரின் லேப்டாப்புக்கு அனுப்பும். கிளஸ்டரின் உள்கணினிகளுக்கு வெளியுலகத்தோடு நேரடிப் பேச்சுவார்த்தை கிடையாது என்பதால், வாசலில் இருக்கும் ஒரு கணினி வழியாகக் கள்ளத்தனமில்லாத ஒரு கள்ளவழி போட வேண்டும். அதற்கும் சுரங்கம் என்றுதான் பெயர். ஒரு சுரங்கத்தில் நடப்பதைப் பார்க்க இன்னொரு சுரங்கம். இதற்கும் ஒரு குழு வந்து கையெழுத்துப் போட்டால் தேவலை என்று நான் சொன்னேன். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. மேல்மாடிக் கூட்ட அறையில் சாரின் லேப்டாப்பைப் பெரிய திரையோடு இணைத்துவிட்டுக் கீழே ஆய்வகத்துக்கு வந்தோம். இங்கே எங்களுக்குப் படம் கிடையாது. ஒரு நேரத்தில் ஒரு லேப்டாப்புக்குத்தான் படம் போகும். எங்களுக்கு வெறும் எழுத்து வரிகள்தான். கணக்கு ஒரு அடி முன்னால் போனால் ஒரு வரி. அந்த வரிகளை அக்கா, ஐசியூ வாசலில் நிற்பவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரி நின்றுவிட்டது.

முதலில் இருவரும் பதறவில்லை. கணக்கு சில சமயம் இப்படி மூச்சு வாங்கும். நான் தேநீர் ஊற்றிக் குடித்து முடித்தேன். அப்போதும் அதே வரி.

அப்புறம் அக்கா தொடங்கினாள். ஹார்ட் டிஸ்கில் இடம் தீர்ந்துவிட்டதா? இல்லை. வாசல் கணினி விழுந்துவிட்டதா? இல்லை. படம் போகும் சுரங்கம் அடைத்துக்கொண்டதா? இல்லை, திறந்துதான் இருந்தது. அனுப்புகிற பக்கத்து மென்பொருளும் வாங்குகிற பக்கத்து மென்பொருளும் ஒரே பதிப்பா? ஒரே பதிப்புதான், போன வாரம் இதற்காகவே அவள் ஒரு முழு நாள் அழுதிருக்கிறாள். கல்லூரி நெட்வொர்க்கின் தடுப்புச்சுவர் ஏதாவது வேலை காட்டுகிறதா? காட்டுகிறது, ஆனால் வழக்கமான வேலைதான். அவளுடைய அன்றாட வாழ்க்கை இதுதான் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. புகையைப் பற்றி ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு, வருஷக்கணக்காகக் குழாய்க்குள் கையை விட்டு அடைப்பு எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கடைசியில் கிளஸ்டரைப் பார்த்துக்கொள்ளும் நிர்வாகிக்குப் போன் போட்டாள். அவர் எதற்கும் பதறாத ஆள். பின்னால் காற்றாடிகளின் இரைச்சல் கேட்டது. பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பார்த்தார். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"உங்க வேலை நல்லாத்தான் ஓடுதும்மா. எல்லா பிராசஸரும் நூறு சதவீதம்."

"வரி எதுவும் வரலையே சார். அடுத்த அடிக்கே போகலை."

"அது எனக்குத் தெரியாது. நூறு சதவீதம் வேலை பாக்குதுங்க. இத விட நல்லா ஓட முடியாது."

"கெடுவைக் கொஞ்சம் நீட்டித் தர முடியுமா சார்?"

"பின்னாடி வானிலைக்காரங்க நிக்கறாங்கம்மா. புயல் வருதாம்."

புயலோடு யார் போட்டி போடுவது. வைத்துவிட்டாள். நூறு சதவீதம் வேலை செய்தும் ஒரு வரிகூட நகரவில்லை என்றால் அது எந்த மாதிரி வேலை என்று நான் கேட்டேன். அரசாங்க அலுவலகங்களையும் எங்கள் துறை அலுவலகத்தையும் உதாரணம் காட்டினேன். அக்கா தலையைப் பிடித்துக்கொண்டு, மேலே போய்ப் படம் எப்படி இருக்கிறது என்று சத்தமில்லாமல் பார்த்துவிட்டு வரச் சொன்னாள்.

கூட்ட அறையின் பின்கதவு வழியாக நுழைந்தேன். திரை முழுக்கச் சுரங்கம். நடுவில் லாரி, அதன் மேல் ஆரஞ்சு நிறத்தில் அனல், அதிலிருந்து கூரையை ஒட்டிக் கருநீலமாக நீண்டிருந்த புகை. கதவுக்குக் கொஞ்சம் முன்னால், போட்டோவுக்கு நிற்பது போல, அந்தப் புகை நின்றுகொண்டிருந்தது. ஒலிபெருக்கி நிறங்களை விளக்கிக்கொண்டிருந்தார். குழுவில் ஒருவர் நீலம் என்றால் சூடா குளிரா என்று கேட்டிருக்கிறார் போல. பதில் ஒளியின் இயல்பிலிருந்து தொடங்கி, தன் மாணவப் பருவம் வழியாக, ஆராய்ச்சி நிதி வரை வந்திருந்தது.

கீழே ஓடினேன்.

"சார் பேசறார். புகை நிக்குது. வேற ஒண்ணும் இல்ல."

"நிக்குதுன்னா? படம் போயிருச்சா?"

"படம் இருக்குக்கா. பளிச்சுன்னு இருக்கு. கீழ மூலைல ரெண்டு கோடு போட்ட பொத்தான் ஒண்ணு மஞ்சளா எரியுது."

அக்கா எழுந்தாள். எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள்.

அந்தப் பொத்தானின் கதையை மாடிப்படி ஏறும்போதுதான் சொன்னாள். முன்பெல்லாம் சார் பேசிக்கொண்டிருக்கும்போதே புகை அவர் வாக்கியத்தைத் தாண்டிப் போய்விடும். அவருக்கு அது பொறுக்கவில்லை. தான் சொல்கிறவரை அது நகரக்கூடாது என்றார். படத்தை மட்டும் நிறுத்தலாம் சார், பின்னால் கணக்கு பாட்டுக்கு ஓடட்டும் என்று இவள் சொன்னதற்கு, அப்படியென்றால் அது நேரலையா என்று கேட்டார். ஆகவே இவள் நிஜமாகவே நிற்கிற மாதிரி எழுதிக் கொடுத்துவிட்டாள். பொத்தானை அழுத்தினால் கிளஸ்டரில் ஓடுகிற கணக்கே நின்றுவிடும். மறுபடி அதே லேப்டாப்பில் அழுத்துகிறவரை நிற்கும். இணைப்பு அறுந்தாலும் நிற்கும், சார் திரும்பி வரும்வரை மரியாதையாக நிற்கும்.

அப்படியானால் அந்த நூறு சதவீதம் என்ன என்று கேட்டேன். இந்தக் கணினிகளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது என்றாள். உத்தரவு வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று நொடிக்குக் கோடி முறை கேட்டுக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் மும்முரமான வேலை. வேறொரு ஊரில், குளிர்ந்த கூடத்தில், அலமாரி அலமாரியாக அத்தனை பிராசஸர்களும், எங்கள் ஒலிபெருக்கி மூச்சு விடுவதற்காகக் காத்திருந்தன.

உள்ளே போனபோது நிலைமை இன்னும் சீர்கெட்டிருந்தது. நிறங்களை விளக்குவதற்காகத் தானே நிறுத்தியதை மனிதர் சுத்தமாக மறந்துவிட்டார். பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தால் புகை கதவைத் தொடாமல் நிற்கிறது. அவர் அதைக் கண்டுபிடிப்பு என்று எடுத்துக்கொண்டார். சுரங்கத்து மின்விசிறிகளின் காற்றும் புகையும் சமநிலைக்கு வந்துவிட்டன, புகை கதவுக்கு முன்னாலேயே கட்டுப்பட்டு நிற்கிறது, இவ்வளவு நேரமாக அசையவே இல்லை என்பதை எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பொய் சொல்லவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். குழுவின் தலைமைப் பொறியாளர், நரைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு அம்மா, வரைபடத்தை விரித்துப் பேனா மூடியைக் கழற்றிவிட்டார்.

அக்கா நேராகப் போய் சாரின் பக்கத்தில் நின்றாள். லேப்டாப் அவளுக்குக் கைக்கெட்டும் தூரம். அழுத்தினால் சாரின் சமநிலை எல்லோர் முன்னாலும் கலையும், அவளுடைய ஆராய்ச்சி ஏட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். அழுத்தாவிட்டால் ஏடே கிடையாது. சுவர்க்கடிகாரம் சாப்பாட்டு வேளையை நெருங்கிக்கொண்டிருந்தது.

"சார், அது தானா நிக்கலை. நீங்க நிறுத்திருக்கீங்க."

"உக்காரும்மா, முடிச்சிடறேன்" என்றார் அவர், குழுவைப் பார்த்துச் சிரித்தபடி.

பேனா பிடித்த கை நின்றது. "யாரு எதை நிறுத்தினா?" என்று கேட்டார் தலைமைப் பொறியாளர்.

அக்கா பொத்தானைக் காட்டினாள். ரத்தினச் சுருக்கமாகச் சொன்னாள். இதை அழுத்தினால் அங்கே கணக்கு நிற்கும், சார் நிறங்களை விளக்கத் தொடங்கியதிலிருந்து நின்றுகொண்டிருக்கிறது. சார் இடையில் ஏதோ சொல்லத் தொடங்கினார், யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவர் வாழ்க்கையில் அப்படி நடந்தது எனக்குத் தெரிந்து அதுவே முதல் தடவை.

"இப்ப ஓடவிட்டா என்ன ஆகும்?"

"தெரியாது மேடம். அது தெரியறதுக்குத்தான் ஓட்டறேன்."

"ஓட்டுங்க."

அழுத்தினாள்.

சில நொடிகள் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் புகையின் நுனி, தூக்கத்திலிருந்து எழுந்தது போல, லேசாக நெளிந்தது. நெளிந்து கீழே இறங்கியது. கூரையை ஒட்டியே போகும் என்று எல்லோரும் நம்பிய புகை, மின்விசிறிக்குப் பின்னால் சுருண்டு திரும்பி, தரையோடு தரையாக வந்து, கதவின் அடியிலிருந்து மேலே ஏறத் தொடங்கியது. அறையில் யாரோ நாற்காலியைப் பின்னால் தள்ளினார்கள். தலைமைப் பொறியாளர் பேனாவை மூடி வைத்தார்.

சாரின் கை பழக்க தோஷத்தில் லேப்டாப்பை நோக்கி வந்தது. "இங்க ஒரு நிமிஷம் நிறுத்தி ஒண்ணு சொல்லிடறேன்."

"ஓடும்போதே சொல்லுங்க சார்" என்றாள் அக்கா. லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்கப்புறம் நடந்ததை நான் யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. ஒலிபெருக்கி புகையின் வேகத்துக்குப் பேசினார். ஒரு கருத்தைத் தொடங்கி முடிப்பதற்குள் படம் மாறிவிடும், பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடுவார். கதவு பாதுகாப்பானது என்று அதே வாயால் சொன்னவர், இந்த ஆபத்தைக் காட்டத்தான் நேரலையே வேண்டும் என்று தான் பிடிவாதம் பிடித்ததாக முடித்தார். அதில் பாதி உண்மை. குழுவுக்குக் கேள்விகள் வரத் தொடங்கின. கதவை விசிறிக்கு முன்னால் தள்ளினால் என்ன, எத்தனை தூரம், மலைப்பாறை அங்கே எப்படி. எல்லாக் கேள்விகளும் முதல் வரிசைக்கு வந்தன. அக்கா மடியிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னாள்.

ஓட்டம் கெடுவுக்கு மயிரிழை முன்னால் முடிந்தது. திரையில் கடைசிப் படம் நின்றது, இந்தத் தடவை யாரும் நிறுத்தாமல். வரைபடம் கையெழுத்தில்லாமல் சுருட்டப்பட்டது. கதவுக்கு வேறு இடம் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு, தலைமைப் பொறியாளர் அக்காவின் போன் எண்ணை வாங்கிக்கொண்டு போனார்.

வாசலில் சார் அவளை மடக்கினார். "ஏம்மா, கீழ இருந்தே ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே?"

"நீங்க பேசிட்டிருக்கும்போது போனை எடுக்க மாட்டீங்க சார்."

அதற்கு அவரிடம் நீண்ட பதில் இருந்தது. அக்கா அதை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, கிளஸ்டரிலிருந்து கோப்புகளை இறக்கக் கீழே போய்விட்டாள். நான் ஒருவழியாகத் தப்பித்து ஆய்வகத்துக்கு வந்தபோது, ஒரு கையால் பிஸ்கட் தின்றுகொண்டு மறு கையால் கடைசி அத்தியாயத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். கதவின் தற்போதைய இடம் ஏற்கத்தக்கதல்ல என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தாள். இரண்டாவது வரியில் வழிகாட்டிப் பேராசிரியருக்கு நன்றி சொல்லலாமா என்று என்னைக் கேட்டாள். கையெழுத்துப் போடட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.